அப்படியே கூட்டிக்கொண்டு வாருங்கள்



நாங்கள் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் பெண்கள் வார்டிலும் மாறி மாறி டியூட்டி பார்க்கும் செவிலியர்கள். நைட் டியூட்டி முடிந்து டீ குடிக்கும்போது எங்களுக்குள்ளேயே பேசி ஆற்றிக்கொண்ட சில விஷயங்களை இன்று ஊர்மக்களாகிய உங்களிடம் கொண்டுவருகிறோம்.

நள்ளிரவு தாண்டி ஒரு பெண்ணைக் கூட்டி வருவார்கள். தலை ஈரமாக இருக்கும். துவைத்த சுடிதார், நெற்றியில் திருநீறு. "அந்தக் கோலத்தோட எப்படி சிஸ்டர் கூட்டியாறது, குளிப்பாட்டித்தான் கொண்டாந்தோம்" என்பார் அம்மா. பாவம், பாசத்தில் செய்தது. ஆனால் வழக்குக்கு வேண்டிய தடயத்தில் பாதி அந்த வாளித் தண்ணீரோடு போயிருக்கும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரைக் குளிக்க வைக்காதீர்கள், வாய் கொப்பளிக்க வைக்காதீர்கள், துணியை மாற்றாதீர்கள். மாற்றிவிட்டீர்களா, யாரும் திட்ட மாட்டோம். அந்தத் துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் கவர் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

குளித்திருந்தாலும் நாள் கடந்திருந்தாலும் வாருங்கள். 96 மணி நேரம் வரை தடயம் எடுக்கலாம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கரு தங்காமல் இருக்கத் தரும் மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "காலையில பெரியவங்களைக் கேட்டுட்டுப் போகலாம்" என்று காத்திருக்கும் நேரமெல்லாம் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லி, ஸ்டேஷன் வாசலில் நின்று களைத்துப்போய் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2013-லேயே சட்டம் மாறிவிட்டது. அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையும் உடனே, காசு வாங்காமல் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களிலும் இது இருக்கிறது. போலீசுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் கடமை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது வயது வந்த பெண்ணின் முடிவு, கொடுக்கவில்லை என்பதற்காக மருந்து நிற்காது. 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். பையன்களும் வருகிறார்கள், அவர்களுக்கும் இதேதான். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனைக்குப் பயந்து வராமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதைச் செய்வதே தவறான நடத்தை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது, பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள்.

வாரத்துக்கு எத்தனை பேர் வழுக்கி விழுகிறார்கள்! நிஜமாகவே விழுந்தவருக்கு முழங்கையிலும் இடுப்பிலும் அடிபட்டிருக்கும். முன்கையின் வெளிப்பக்கம் வரிசையாகக் கன்றிப்போயிருந்தால், அவர் எதையோ கையால் தடுத்திருக்கிறார். மேல்கையின் உள்பக்கம் நாலு விரல் தடம் தெரிந்தால் கேட்கவே வேண்டாம், பாத்ரூம் தரைக்கு விரல் கிடையாது. நாங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நிற்கும் கணவர்தான் பதில் சொல்வார். அவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணிடம் பேசுவது எங்கள் பழைய தந்திரம். எழுதியதால் அம்பலமாகிவிட்டது, பரவாயில்லை. இனி நேராகவே கேட்கிறோம்: கணவரோ மாமியாரோ கூடப் பிறந்த அண்ணனோ, வெளியே இருங்கள் என்றால் ஐந்து நிமிடம் வெளியே இருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் வாயால் சொல்வது ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஏறும். பல வருஷம் கழித்துக் கோர்ட்டில் அவருக்காகப் பேசப்போவது அந்த நாலு வரியாகவும் இருக்கலாம்.

இப்படி வருகிறவர்கள் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி வீசுவார்கள், டிரிப்ஸைப் பிடுங்குவார்கள், பெற்ற தாயைக்கூடக் கிட்டே விடாமல் கத்துவார்கள். "உனக்காகத்தானே அலையறோம், எங்ககிட்டயே எரிஞ்சு விழறியே" என்று வீட்டார் நொந்துகொள்வார்கள். தயவுசெய்து பதிலுக்குக் கோபப்படாதீர்கள். அடித்தவன் முன்னால் காட்ட முடியாத கோபம் அது, பாதுகாப்பான இடம் கிடைத்ததும் வெளியே வருகிறது. சத்தமே போடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பெண்ணைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் கவலைப்படுவோம், அவர் கட்டிலை எங்கள் மேஜைக்கு எதிரில் போடுவோம். தொடுவதற்கு முன் சொல்வோம்: "பி.பி. பார்க்கணும்மா, கையைத் தொடட்டுமா? வேண்டாம்னா அப்புறம் பார்த்துக்கலாம்." கதவுக்கும் அவருக்கும் நடுவில் நிற்க மாட்டோம். வீட்டில் நீங்களும் இப்படியே செய்யலாம். எங்களிலும் "அந்த நேரத்துல அங்க ஏன்மா போனே?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒத்துக்கொள்கிறோம். அந்தக் கேள்விக்கு அப்புறம் அந்தப் பெண் எங்களிடம் வாயே திறக்கவில்லை.

இது எங்களில் ஒருவருக்கும் நடந்தது: அருணா ஷான்பாக் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973 நவம்பர் 27 அன்று அங்கே வேலை பார்த்த துப்புரவுப் பணியாளர் ஒருவரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி நினைவிழந்தார். 2015 மே 18-ல் இறக்கும்வரை அதே மருத்துவமனையின் செவிலியர்கள், தலைமுறை மாறி மாறி, ஊட்டிவிட்டு, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே அவர்களைப் பாராட்டியது. நாங்கள் பெருமைப்படும் கதைதான். ஆனால் தாக்கியவனுக்குக் கிடைத்தது கொலை முயற்சிக்கும் கொள்ளைக்குமான ஏழு ஆண்டு மட்டும். பாலியல் வன்கொடுமை அந்த வழக்கிலேயே இல்லை, அவர் பெயர் கெடக்கூடாது என்று அதை மறைத்துவிட்டார்கள்.

பெயரை மறைப்பது வேறு, குற்றத்தை மறைப்பது வேறு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை. அவசரப் பிரிவு வாசலில் செல்போனைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் அதே செல்போனில் 181 அல்லது 112, குழந்தை என்றால் 1098.

கடைசியாக ஒரு சின்ன உதவி. தடயத்துக்காக உடுத்தியிருந்த துணி முழுவதையும் நாங்கள் வாங்கி வைத்துக்கொள்கிறோம். அதற்கப்புறம் அந்தப் பெண் ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். வார்டில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். முடிந்தவர்கள் நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.) அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் புது நைட்டி, உள்ளாடை, ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போங்கள். நைட்டி கொஞ்சம் பெரிய சைஸாகவும் முன்பக்கம் ஜிப் வைத்ததாகவும் இருக்கட்டும். கையில் டிரிப்ஸ் ஊசியோடு தலை வழியாக மாட்ட முடிவதில்லை.

இப்படிக்கு,
அவசரப் பிரிவு மற்றும் பெண்கள் வார்டு செவிலியர்கள்