அது உங்கள் நல்லெண்ணம் இல்லை, எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஆன்லைனில் பொருள் வாங்கும் எல்லோருக்கும் அது ஒருநாள் தேவைப்படும்.

நேற்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில், இந்த ஒரு முறை மட்டும், தங்களுக்கு மாற்று ரேம் இலவசமாக அனுப்பி வைக்கப்படுகிறது" என்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி என்னுடன் அம்பாசமுத்திரத்தில் தங்கிப் படிக்கிறாள். இந்த வருடம்தான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள். நோட்டில் எழுதி புரோகிராம் படிப்பது ஆற்றங்கரையில் உட்கார்ந்து நீச்சல் படிப்பது மாதிரி. அதனால் என் வைப்புத்தொகையில் இருந்து 46,500 ரூபாய் எடுத்து, ஜூன் 10-ஆம் தேதி ஆன்லைனில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஆர்டர் போட்டோம். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாயிற்று. ஜூன் 15-க்குள் வரும் என்று போட்டிருந்தது.

வந்தது ஜூலை 3.

இடையில் மூன்று முறை "இன்று டெலிவரி" என்று குறுஞ்செய்தி. மூன்று நாளும் நான் வாசல் திண்ணையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று செய்தி வருகிறது. அதைப் படிக்கும்போதும் நான் திண்ணையில்தான் இருக்கிறேன்! பிறகு பெட்டியைக் கொண்டுவந்த தம்பியிடம் கேட்டேன். "எங்களைக் கோவிச்சுக்காதீங்க ஆச்சி. அன்னைக்கு உங்க பெட்டி திருநெல்வேலிக்கே வரல. மேல இருந்தே அப்படிப் போட்டுட்டாங்க" என்றான். அந்தப் பையனுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். என் சண்டை அவனோடு இல்லை.

அன்று ராத்திரியே கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. மறுநாள் நீலத் திரை. அதில் ஒரு அழுமூஞ்சிப் படம், கீழே "மெமரி மேனேஜ்மென்ட்" என்று ஆங்கிலத்தில். அரைமணிக்கு ஒரு தடவை இதே கூத்து. ஜூலை 5-ஆம் தேதி காலை 10.20-க்குப் புகார் பதிந்தோம். தேதியும் நேரமும் எப்படித் தெரியும் என்றால், 37 வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை இது. எதையும் நோட்டில் எழுதாமல் விடாது.

"48 மணி நேரம் காத்திருங்கள் மேடம்" என்றார்கள். காத்திருந்தோம். அடுத்து, "விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள், 48 மணி நேரம் பாருங்கள்." பார்த்தோம். அடுத்து, "ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பல்லைத் துடைத்து மாட்டுங்கள், 48 மணி நேரம் பாருங்கள்." வாழ்நாள் முழுக்க ரப்பரோடு குப்பை கொட்டியவள் நான். அதையும் செய்தோம்.

ஜூலை 12 அன்று பதில் வந்தது. "பொருளை மாற்றிக்கொள்ளும் 7 நாள் அவகாசம் ஜூலை 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மேலும் தாங்கள் கேபினட்டைத் திறந்திருக்கிறீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவும் தங்களிடம் இல்லை. ரேம் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரை அணுகவும்." புகார் தீர்க்கப்பட்டது என்று முத்திரை வேறு.

ஏழு நாளில் ஆறு நாளைத் தின்றது அவர்களுடைய மூன்று 48 மணி நேரம். கேபினட்டைத் திறக்கச் சொன்னது அவர்கள். இப்போது இரண்டும் என் குற்றம். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொல்வோம். கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் "பாலிசி".

சர்வீஸ் சென்டருக்குப் போ என்பதைப் பாருங்கள். நான் வாங்கியது கம்ப்யூட்டர். பில் போட்டது அவர்கள். ஹோட்டலில் சாம்பாரில் பருப்பு வேகவில்லை என்றால் பருப்பு மில்லுக்குப் போய்க் கேள் என்பார்களா? ரேமுக்குத் தனி வாரண்டி இருக்கலாம். அதை வாங்கித்தர அலைய வேண்டியது அதை உள்ளே மாட்டி விற்றவர். 68 வயதில் நான் இல்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து பார்த்தான். உள்ளே 8 ஜிபி ரேம் இரண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினான், அணையவில்லை. அதை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் மாட்டினான், பத்து நிமிடத்தில் அழுமூஞ்சி. சந்தேகத்துக்கு இடமில்லாமல், நல்லது ஓடிய அதே இடத்தில் கெட்டதை மாட்டிப் பார்த்தான், மறுபடி அழுமூஞ்சி. "மதர்போர்டு நல்லா இருக்கு டீச்சர். இந்த ஒரு ரேம்தான் பழுது" என்றான். ஒரு மாணவன் கேள்வியைப் பிரித்துப் பிரித்து விடை கண்டுபிடிப்பதைப் பார்ப்பதில் எனக்கு அன்று ஒரு சந்தோஷம். பத்து நாள் போனில் பேசிய ஒருவருக்கும் இந்தச் சோதனையைச் சொல்லத் தோன்றவில்லை.

ரேம் ஒன்று பழுதாகப் பிறப்பது யாருடைய பாவமும் இல்லை. லட்சத்தில் சில அப்படித்தான் வரும். அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம்.

எனக்கு உண்மையில் வலித்தது பணம் இல்லை. போனில் பேசியவர்கள் ஒவ்வொரு தடவையும் "நீங்க ஏதாச்சும் இன்ஸ்டால் பண்ணீங்களா, தப்பா ஷட்டவுன் பண்ணீங்களா?" என்றே கேட்டார்கள். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது பேத்தி மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல ஆச்சி. எனக்கு இந்தப் படிப்பு சரிப்பட்டு வராதோ?"

இடைநிலை ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே, பிள்ளை மனதில் "என்னால் முடியாது" என்பதை விதைக்காதே என்பதுதான். ஒரு கம்பெனி 2,000 ரூபாய் ரேமைக் காப்பாற்றிக்கொள்ள அதை என் வீட்டுப் பிள்ளையின் மனதில் விதைத்தது. இதை நான் விடுவதாக இல்லை.

மகன் சொன்னான், "விடுங்கம்மா, ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ரேம் வாங்கிப் போட்டுடலாம்." தெருவில் சொன்னார்கள், "உள்ளூர்க் கடையில் வாங்கியிருக்கலாம்ல டீச்சர்?" வாங்கியிருக்கலாம்தான். ஆனால் உள்ளூரிலும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்துத்தானே தருகிறார்கள்? எங்கே வாங்கினோம் என்பது விஷயமில்லை. "விடுங்கம்மா" என்கிற அந்த ஒரு வார்த்தைதான் விஷயம். அந்த வார்த்தையை நம்பித்தான் இவர்கள் 48 மணி நேரம், 48 மணி நேரம் என்று இழுக்கிறார்கள். நாம் சலித்துப்போனால் அவர்களுக்கு அது லாபம்.

நான் சலிக்கவில்லை. ஜூலை 14 அன்று அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு, நோட்டில் இருந்த தேதிகளை வரிசையாகப் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அன்றே 1915-க்கும் போன் போட்டேன். ஆகஸ்ட் 6, நேற்று, மேலே சொன்ன "நல்லெண்ண" மின்னஞ்சல் வந்தது. ஆர்டர் போட்டு 57 நாள்.

இதில் நல்லெண்ணம் எங்கே வந்தது? இது நான் பணம் கட்டி வாங்கிய பொருள். அதைச் சரியாகத் தருவது அவர்கள் கடமை. பாக்கியைக் கொடுப்பவன் தானம் செய்கிறேன் என்று சொல்லக்கூடாது. "இந்த ஒரு முறை மட்டும்" என்று சொல்லவும் கூடாது. இப்படியே பதில் எழுதிவிட்டேன்.

இனி உங்களுக்குத் தேவையானது. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. அதன் கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. அதன்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ, அந்தத் தளத்தில் விற்பவர் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தரமாட்டேன் என்று மறுக்க முடியாது. இயற்கைச் சீற்றம் போல அவர் கைமீறிய காரணத்தால் தாமதம் ஆனால் மட்டும், தாமதத்துக்கு விலக்கு உண்டு.

ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சட்டத்தில் 48 மணி நேரம் இருக்கிறது, ஆனால் அது அவர்களுக்கு வைத்த கெடு, நமக்கு இல்லை!

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவையுங்கள். நம்மைத் திருடர்களாகப் பார்க்கும் அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எடுத்துவையுங்கள். முதல் நாளே எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் சொன்னதை, "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று மின்னஞ்சலில் திருப்பி அனுப்புங்கள்.

எனக்குப் பென்ஷன் இருக்கிறது, நேரம் இருக்கிறது. கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கித்தந்துவிட்டு விடிந்தால் வேலைக்கு ஓடும் தாய்க்கு இரண்டும் இல்லை. நேரம் இருக்கிற நாமே "விடுங்கம்மா" என்று விட்டுவிட்டால், அவளுக்காகக் கேட்க யாரும் இல்லை.

ரேம் வந்ததும் பேத்தியையே மாட்டச் சொல்லப் போகிறேன். அவள் கெடுக்கவில்லை என்று அவள் கையாலேயே அவளுக்குத் தெரியட்டும்.

தேவைப்படுவோருக்குப் பகிருங்கள்.