வக்கீல் பீசுக்கு ஆடு மாட்டை விற்காதீர்!



பட்டா தகராறு, வரப்புத் தகராறுன்னு கோர்ட்டுக்கு நடந்தே ஆடு மாட்டை வித்தவங்க நம்ம கொட்டாம்பட்டிப் பக்கம் எத்தனை பேர்! 1938-ல் தலச்சேரியில் வக்கீலான வி.ஆர்.கிருஷ்ணய்யர் மலபார் ஏழை விவசாயிகளுக்காக வாதாடினார். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948-ல் ஒரு மாதம் சிறையில் போட்டார்கள். அசரவில்லை. 1973-ல் அவர் தலைமையிலான குழு ஏழைக்கு இலவச சட்ட உதவி வேண்டுமென்றது. 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு ஏறியது. 1987-ல் தனிச் சட்டமே வந்தது.

பெண்கள், தாழ்த்தப்பட்டோர், வருமானம் குறைந்தோர் எவரும் பீஸ் இல்லாமல் வக்கீல் கேட்கலாம். வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்க. 15100-க்குப் போன் போடுங்க. இது பிச்சையில்லை, உரிமை!

ஏட்டில் இருந்தால் போதுமா? மாதந்தோறும் கொட்டாம்பட்டியிலேயே சட்ட உதவி முகாம் நடத்தச் சொல்லி நாம் கேட்போம். திரண்டு வாரீர்!