ஊசியும் உழைப்பும்

"கடையில் மலிவாகக் கிடைக்கும்போது வீட்டில் தைப்பானேன்?" என்று படித்தோரும் ஏளனமாகக் கேட்கின்றனர். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

வத்தளையிலிருந்து நீர்கொழும்பு வீதியால் வடக்கே சென்றால் கட்டுநாயக்க வரும். 1978இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் ஆடைத் தொழிற்சாலைகளில் ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும் தைப்பாள். இன்னொருத்தி கைகளை மட்டும் பொருத்துவாள். முழுச் சட்டை எவளுடைய ஆக்கமும் அன்று. ஏற்றுமதியில் எஞ்சியவை கொழும்புக் கடைகளில் மலிவாக விலைப்படுகின்றன. அம்மலிவின் எஞ்சிய விலையைத் தன் குறைந்த கூலியால் செலுத்துபவள் அத்தொழிலாளியே.

வீட்டில் தைப்பவளோ பிள்ளையின் அளவைத் தானே எடுக்கிறாள். கடதாசியில் மாதிரி வரைகிறாள். தையலுக்கு இடம்விட்டுத் துணியை வெட்டுகிறாள். பிள்ளை வளருமென எண்ணி அடிமடிப்பை அகலமாக விடுகிறாள். 1863இல் அமெரிக்கரான எபனேசர் பட்டரிக் பல அளவுகளில் கடதாசி மாதிரிகளை விற்கத் தொடங்கியபோது, தையற்காரரின் தொழில் இரகசியம் சாதாரண குடும்பங்களுக்கும் கிட்டியது. கணிதமும் கலையும் கலந்த இவ்வறிவைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவது அறியாமையன்றோ?

ஆயினும், தையல் பெண்ணுக்கே உரியதெனும் பழைமைவாதமும் ஏற்கத்தக்கதன்று. கூலியற்றது என்பதால் அவள் உழைப்பு உழைப்பாகாமற் போய்விடாது. மகனும் ஊசியைப் பிடிக்கட்டும். ஒரு சட்டையை முழுமையாகத் தைத்தறிந்தவனே அதன் உண்மை விலையை அறிவான்.