யானை நகரமும் தூங்கானை மாடமும்

அஸ்தினாபுரம் என்றால் யானை நகரம். மகாபாரதத்தில் குரு வம்சத்தின் தலைநகர். குரோம்பேட்டைக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவே வீடும் கடையும் நெருங்கிக் கிடக்கும் நம் புறநகருக்கும் அதே பெயர் வாய்த்திருக்கிறது. பெயரில் பிழையில்லை. ஆனால் ஊருக்குப் புராணப் பெயர் இருந்தால் ஊரின் தொன்மைக்கு அதுவே சான்று என்று எண்ணிவிடுகிறோம். இந்த வட்டாரத்தின் உண்மையான தொன்மை அந்தப் பெயரில் இல்லை. சுற்றியுள்ள மண்ணிலும் கல்லிலும் இருக்கிறது. அவற்றில் கைவைப்பதற்கு முன் முறையாகப் பதிவு செய்வதைத் தாம்பரம் மாநகராட்சியும் மாநிலத் தொல்லியல் துறையும் கட்டாயமாக்க வேண்டும்.

காவியத்தின் அஸ்தினாபுரம் என்று கருதப்படும் இடம் உத்தரப் பிரதேசத்தின் மீரட் மாவட்டத்தில் இருக்கிறது. 1950 முதல் 1952 வரை அங்கே அகழாய்வு நடத்திய பி.பி.லால், சாம்பல் நிறத்தில் கோடு தீட்டிய பானை ஓடுகளையும், வெள்ளம் அரித்துச் சென்ற மண்ணடுக்கையும் கண்டார். கங்கை வெள்ளத்தால் தலைநகர் கௌசாம்பிக்கு மாறியது என்ற புராணச் செய்தியோடு அந்த வெள்ளத்தை அவர் பொருத்திப் பார்த்தார். ஆனால் அந்த அடுக்கில் கிடைத்தவை காவியம் சொல்லும் மாளிகைகள் அல்ல, நாணலும் மண்ணும் சேர்த்துக் கட்டிய வீடுகளின் தடங்கள். பானை ஓடு தன்னைப் பயன்படுத்தியவரின் பெயரைச் சொல்லாது என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். வாதம் முடியவில்லை. ஆனாலும் அந்த ஊருக்கு இன்று ஒரு வரலாறு இருக்கிறது. தோண்டினார்கள், அடுக்கடுக்காகப் பதிந்தார்கள், வெளியிட்டார்கள், மறுத்தவர்களுக்கும் அதே பதிவுதான் துணையாக நின்றது.

இங்கே நாம் செய்வது வேறு. பழமையான எதைக் கண்டாலும் பாண்டவர் பெயரைச் சூட்டிவிட்டு மேலே கேட்காமல் நகர்ந்துவிடுகிறோம். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் கோயில்களை ஐந்து ரதங்கள் என்கிறோம். பாண்டவருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை, அவை ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. அவற்றில் நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் வளைந்திருக்கும். அதன் பக்கத்திலேயே ஒரு கல்யானை நிற்கிறது. பின்னால் போய் நின்று பார்த்தால் யானையின் முதுகும் விமானத்தின் வளைவும் ஒன்றுபோலவே தெரியும். தூங்கானை மாடம் என்ற கட்டட வகையை அந்தச் சிற்பி சொல்லால் விளக்கவில்லை, பக்கத்தில் யானையையே செதுக்கி வைத்துவிட்டான். பெயரோடு திருப்தி அடைந்தவர் கண்ணுக்கு இது படாது.

அந்த வளைவைப் பார்க்க அஸ்தினாபுரத்துக்காரர் மாமல்லபுரம் வரை போக வேண்டியதுகூட இல்லை. மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் பக்கத்தில் இருக்கிறது. சுந்தர சோழர் காலத்தோடு தொடர்புடைய அந்தக் கோயிலின் கருவறைப் பின்சுவரில் மூலையே கிடையாது, யானை படுத்திருப்பதுபோல் வளைந்து செல்கிறது. நம் வட்டாரத்தின் உண்மையான யானை அதுதான். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலில் அவனுடைய விருதுப் பெயர்களைக் கல்லில் காணலாம். பிற்காலத்தில் தர்காவாகி, இன்றும் வழிபாட்டில் இருப்பதும் அந்த இடத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்தான். அதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக் குழியில் ஒரு கல் கோடரியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்கியது. 1880களில் அலெக்சாண்டர் ரீ அதே பகுதியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைக் கண்டார். சுட்டமண்ணால் செய்து, அடியில் வரிசையாகக் கால்கள் வைத்த ஈமப்பேழை அந்தக் காலத்துக்குரியது. கல் கோடரி, ஈமப்பேழை, பல்லவர் குகை, சோழர் விமானம் என்று இத்தனையும் சில கல் தொலைவுக்குள் கிடைக்கும் புறநகர் எத்தனை இருக்கும்?

ஆதாரம் கேட்பது நம்பிக்கையைப் புண்படுத்தாதா என்று சிலர் வருந்துகிறார்கள். புண்படுத்தாது. காஞ்சிபுரத்துக்கு அருகே கிடைத்த கூரம் செப்பேட்டில், முதலாம் பரமேசுவரவர்மன் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறான். பாண்டவர் தொண்டை நாட்டுக்கு வந்தார்களா என்பதற்கு நம்மிடம் சான்று இல்லை. ஆனால் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே தொண்டை நாட்டார் கூடி உட்கார்ந்து பாரதம் கேட்டார்கள் என்பதற்குச் செப்பேட்டுச் சான்றே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் பாரதம் படிப்பதும் கூத்து நடப்பதும் தீ மிதிப்பதும் அதே நீண்ட உறவின் தொடர்ச்சி. பக்தருக்கு இதைவிடப் பெருமை தரக்கூடிய செய்தி என்ன இருக்கிறது? அந்தப் பெருமையை நமக்குத் தந்ததே ஓர் எழுத்துப் பதிவுதான்.

கோயில் அருங்காட்சியகம் அல்ல, குடமுழுக்கும் திருப்பணியும் நடந்தாக வேண்டும் என்பது இன்னொரு வாதம். நியாயமான வாதம். அதற்கான முறையைச் சோழர்களே காட்டிவிட்டார்கள். திருமழபாடிக் கோயிலின் கருவறையைப் பிரித்துக் கட்ட முதலாம் இராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். மகன் இராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அச்சும் புகைப்படமும் இல்லாத காலத்தில் மன்னன் கடைப்பிடித்த ஒழுங்கு இது. கைப்பேசி வைத்திருக்கும் நாம், பழைய சுவர்மேல் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டுகிறோம். அழுக்குப் போக வேண்டும் என்று மணலைப் பீய்ச்சி எழுத்தின் விளிம்பையே தேய்த்துவிடுகிறோம். மாடம்பாக்கம் போன்ற பாதுகாக்கப்பட்ட கோயில்களுக்குச் சட்டத்தின் காவலாவது உண்டு. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் படிக்கட்டாகக் கிடக்கும் துண்டுக் கல்வெட்டுக்கும், ஏரி மதகில் நிற்கும் எழுத்துக் கல்லுக்கும் அதுவும் இல்லை.

மூன்றாவது எதிர்ப்பு வீட்டுமனைக்காரர்களுடையது. அதைத்தான் அரசு முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். 2010இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற வேண்டும். ஆயுள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர் அனுமதிக்கு அலைந்து களைத்தால் அவருக்குத் தொல்லியல் மீது வெறுப்புத்தான் வரும். அடுத்தவர் அஸ்திவாரம் தோண்டும்போது தாழி தென்பட்டால் யாரிடமும் சொல்லாமல் மூடிவிடுவார். தளர்த்தினால் சின்னம் அழியும், இறுக்கினால் மனிதர் நொறுங்குவார் என்ற இந்தச் சிக்கல் நிச்சயமின்மையிலிருந்து பிறப்பது. எந்த சர்வே எண்ணில் என்ன இருக்கிறது என்று திட்டமாக அளந்து, சோதனைக் குழி போட்டு, உள்ளதைக் காத்து, ஒன்றுமில்லாத நிலத்தை விரைந்து விடுவித்தால் இருவருக்கும் நன்மை.

2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆனதால், பத்து அலுவலகங்களில் சிதறிக் கிடந்த நில ஆவணங்களை இப்போது ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்க்க முடியும். மலையடிவாரங்களையும் ஏரிக்கரைகளையும் பாதுகாப்பில்லாத சிறு கோயில்களையும் ஓராண்டுக்குள் கணக்கெடுக்க வேண்டும். குறித்த சர்வே எண்கள் கட்டட வரைபட அனுமதிப் பிரிவின் மேசைக்குப் போக வேண்டும். எந்தக் கோயிலிலும் பாலாலயம் செய்வதற்கு முன் கல்வெட்டுகளை மசிப்படி எடுத்தாயிற்று என்ற சான்றிதழ் இருக்க வேண்டும். கூடவே, மாநகராட்சிக் கட்டடம் ஒன்றில் ஓர் அறை ஒதுக்கி, பல்லாவரத்துக் கல் கோடரியின் மாதிரியையும் மாடம்பாக்கத்துக் கல்வெட்டுப் படிகளையும் அஸ்தினாபுரத்துப் பிள்ளைகள் பார்க்க வைக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாமன்றத் தீர்மானமும், தொல்லியல் துறையோடு ஓர் உடன்படிக்கையும் போதும்.