படமும் பணியும்

1960-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள், கூபாவின் அவானா நகரத்து இரங்கற் கூட்டத்தில், கோர்தா என்பார் சே குவேராவை ஒளிப்படமெடுத்தார். இன்று அப்படம் இளைஞர்தம் உடையிலும் கைப்பேசியிலும் உலகெங்கும் உலவுகின்றது. 1967-இல் பொலிவியாவில் சுட்டுக் கொல்லப்பட்ட அம்மறவர் போற்றுதற்குரியவரே. ஆயினும், படத்தின் பரவலே தலைவரை அளக்கும் கோலாகுமெனில், தமிழ்மண் ஈன்ற சிங்காரவேலர்க்கு எஞ்சுவது யாது?

மீனவர் குடியிற் பிறந்த அப்பெருமகனார், 1922-இல் கயை நகர்க் காங்கிரசு மாநாட்டில் தம்மைப் பொதுவுடைமையர் என்றே அறிவித்துக்கொண்டார். 1923 மே முதல் நாள், இந்தியாவிலேயே முதன்முறையாக, சென்னைக் கடற்கரையில் ஈரிடங்களில் மே நாளைக் கொண்டாடினார். 1925-இல் கான்பூர்ப் பொதுவுடைமை மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1928-இல் தென்னிந்தியத் தொடர்வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பொருட்டு, எழுபதை நெருங்கிய அகவையிற் சிறை புகுந்தார். மார்க்சியத்தையும் அறிவியலையும் 'குடியரசு' இதழ்வழித் தமிழிலேயே எளியோர்க்கு ஊட்டினார்.

சென்னை மாவட்ட ஆட்சியர் மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதனுள் நாடோறும் நுழைவாருள் அவர் எழுத்தைக் கற்றவர் எத்துணைப் பேர்?

படத்திற்கு மொழி வேண்டா. கருத்திற்கு மொழி வேண்டும். தாய்மொழியிற் படிப்பதையே கைவிடும் தலைமுறைக்கு, முகங்கள் மட்டுமே தலைவர்களாகத் தோன்றும். சிங்காரவேலர் மறக்கப்படுவதன் வேர் இதுவே.

சேவின் படம் பொறித்த உடையை எந்தத் தமிழிளைஞனும் களைய வேண்டா. சிங்காரவேலரின் நூலொன்றையேனும் கையிலெடுத்துக் கற்பானாக! தொழிலாளர்க்கு அவர் ஆற்றிய தொண்டின் அளவு அப்போது அவனுக்கே விளங்கும்.