ஜெபத்தில் விடுபட்ட பெயர்



நம்மில் பலர் ஜெபிக்காமல் இல்லை. விடியற்காலையில் ஜெபிக்கிறோம். வேலைக்குப் புறப்படும்போது ஜெபிக்கிறோம். பிள்ளைகளின் பரீட்சைக்கும், வீட்டுக் கடனுக்கும், மருத்துவமனை ரிப்போர்ட்டுக்கும் ஜெபிக்கிறோம். ஆனாலும், "முன்பிருந்த அன்பு இப்போது என்னிடம் இல்லை. உள்ளம் வறண்டுபோய்க் கிடக்கிறது" என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. உபவாசத்தைக் கூட்டலாமா, ஜெப நேரத்தை நீட்டலாமா என்றும் கேட்பார்கள். இரண்டும் நல்லதுதான். ஆனால் நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு: உங்கள் ஜெபத்தில் விடுபட்டிருக்கும் பெயர் எது?

கேட்டவுடன் பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். பெயர் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அண்ணனாக இருக்கலாம், சம்பந்தியாக இருக்கலாம், சபையில் பக்கத்து வரிசையில் அமருகிறவராகவும் இருக்கலாம்.

யோபுவின் புத்தகத்தை நாம் பெரும்பாலும் அவர் இழந்ததற்காகவும், கடைசியில் இரட்டிப்பாகப் பெற்றதற்காகவும் வாசிக்கிறோம். நடுவில் இருக்கும் ஒன்றை வேகமாகக் கடந்துவிடுகிறோம். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூன்று நண்பர்களும் ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். ஏழு நாள் இராப்பகலாக அவருடன் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாய் திறந்தார்கள். நீ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்று, பிள்ளைகளைப் பறிகொடுத்தவரைப் பார்த்துச் சொன்னார்கள். வியாதியைவிட அந்தப் பேச்சு அவரை அதிகமாகப் புண்படுத்தியது.

கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்த நண்பர்களை யோபுவிடமே அனுப்புகிறார். உங்களுக்காக அவன் ஜெபிப்பான் என்கிறார். அந்த வேளையில் இழந்த ஆடுமாடுகள் திரும்பவில்லை. வீட்டில் பிள்ளைகளின் சத்தம் இல்லை. அந்த நிலையிலேயே யோபு தம்மைக் குற்றம் சாட்டியவர்களுக்காக மன்றாடுகிறார். அப்போதுதான் அவருடைய நிலைமையைக் கர்த்தர் மாற்றினார் என்று யோபு 42:10 சொல்கிறது. ஆசீர்வாதம் வந்த பிறகு பெருந்தன்மையாக ஜெபிப்பது எளிது. காயம் ஆறுவதற்கு முன்னே ஜெபிப்பதுதான் கடினம்.

இது பழைய ஏற்பாட்டுக் காலத்தோடு முடிந்த காரியமா? நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியின்போது சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் லெனர்ட் வில்சன். 1943-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடிவைத்துத் தாக்கப்பட்டன. அதைச் செய்தவர்கள் கடல்வழியாக வந்த நேசநாட்டு வீரர்கள். ஆனால் சந்தேகம் சாங்கிக் கைதிகள்மேல் விழுந்தது. அக்டோபர் 10 தொடங்கி கெம்பெய்தாய் எனும் ஜப்பானிய இராணுவ போலீசார் 57 பேரை விசாரணைக்கு இழுத்துச் சென்றார்கள். அவர்களில் 15 பேர் இறந்துபோனார்கள். கொடூரமாக அடிக்கப்பட்டும் உயிர் தப்பியவர் வில்சன்.

தம்மை அடித்தவர்களுக்காக ஜெபிப்பது தமக்கு எளிதாக வரவில்லை என்று அவர் பின்னாளில் மறைக்காமல் சொன்னார். கொடுமையைக் கண்டு மகிழும் அந்த முகங்களை எப்படி நேசிப்பது? ஜெபத்தில் போராடும்போது, அவர்களைச் சிறு பிள்ளைகளாக மனக்கண்ணில் கண்டாராம். தாய் தகப்பனின் அன்பில், அண்ணன் தங்கையுடன் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள். சிறு பிள்ளைகளை வெறுக்க அவரால் முடியவில்லை. போர் முடிந்த பின், தம்மைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டபோது, அவருக்குத் திடப்படுத்தல் அளித்தவரும் இதே பேராயர்தான்.

இந்தச் சாட்சியை நான் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருமுறை பகிர்ந்துகொண்டேன். அறுபது வயதைக் கடந்த சகோதரி ஒருவர் அன்று வீடு திரும்பாமல் உட்கார்ந்தே இருந்தார். அப்பா விட்டுச்சென்ற வீட்டின் காரணமாக அவருக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ஐந்து வருடம். "பிரதர், எல்லார் பேரையும் சொல்லி ஜெபிப்பேன். அவன் பேர் மட்டும் தொண்டையைத் தாண்டி வராது" என்றார். சிறிது நேரம் கழித்து, "தோட்டத்தில அம்மா பால்மரம் வெட்டப் போனா, அவனை இடுப்பில தூக்கி வச்சிருந்தது நான்தான்" என்றார். அப்புறம் அழுதார்.

அன்றிரவே பெயர் வந்துவிடவில்லை. தம்பி மகனுக்கு எஸ்.பி.எம். பரீட்சை. முதலில் அந்தப் பையனுக்காக ஜெபித்தார். சில வாரங்களில் தம்பியின் மனைவிக்காக. அதன் பிறகு தம்பிக்காக. வீட்டு விவகாரம் இன்னும் முடியவில்லை. தம்பி போனை எடுப்பதும் இல்லை. ஆனால் அந்தச் சகோதரி இப்போது பாடும்போது குரலில் பாரம் இல்லை. காத்திருக்கிறார், கசப்பில்லாமல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஒருவருக்காக ஜெபிப்பது, அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொள்வதாகாது. அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போ என்று சொல்வதும் ஆகாது. பாதுகாப்பைத் தேடுங்கள், நியாயத்தைக் கேளுங்கள். ஆனால் கசப்பை உள்ளே குடிவைக்காதீர்கள். ஜெபிக்க நிற்கும்போதே மன்னியுங்கள் என்று ஆண்டவர் இயேசு மாற்கு 11:25-இல் கற்பித்ததும், சத்துருக்களுக்காக ஜெபிக்கச் சொன்னதும் நம்மை விடுவிக்கவும்தான்.

எப்படித் தொடங்குவது? முதலில் உங்கள் கோபத்தை அப்படியே கர்த்தரிடம் கொட்டிவிடுங்கள். தாவீதும் சங்கீதங்களில் அதைத்தான் செய்தார். பிறகு பெயரைச் சொல்லுங்கள். "அவனைத் திருத்தும்" என்று கேட்பதற்கு முன், அவருக்கு உண்மையில் தேவையான ஒரு நன்மையைக் கேளுங்கள். சுகம், வேலை, பிள்ளைகளின் எதிர்காலம் என எதுவாகவும் இருக்கட்டும். பெயர் வரவில்லையா? அவர் வீட்டுப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். அவர் மாறினாரா என்று தினமும் அளந்து பார்க்காதீர்கள். அது கர்த்தரின் வேலை.

அன்பு முதலில் வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் ஆண்டுகள் ஓடிவிடும். ஜெபித்துக்கொண்டே போனால் அன்பு பின்னால் வரும். இந்த வாரம் அந்த ஒரு பெயரை என்னோடு சேர்ந்து கர்த்தரிடம் கொண்டுவருவீர்களா?

ஜெபம்: அன்பின் பிதாவே, என்னைக் காயப்படுத்தியவரை உம்மிடம் கொண்டுவருகிறேன். அவருக்கு நன்மை செய்யும். வறண்ட என் உள்ளத்தில் உம் அன்பை மறுபடியும் ஊற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன். ஆமென்.