மோட்டார் நேரமும் பயிரின் நேரமும்

பூலாம்பாடி பக்கம் கிணற்றுப் பாசன விவசாயியிடம், மக்காச்சோளத்துக்கு எப்போது தண்ணீர் கட்டுவீர்கள் என்று கேட்டால், "மும்முனை கரண்ட் வரும்போது" என்று பதில் வருவதில் வியப்பில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயிரும் தன் நிலையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

மண் காயும்போது அப்சிசிக் அமிலம் என்ற பொருள் பயிரில் பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீர் ஆவியாவது குறையும். ஆனால் கரியமில வாயு உள்ளே போவதும் குறைவதால் பயிர் உணவு தயாரிப்பது மந்தப்படும். மறுபடி தண்ணீர் பாய்ந்தால் செல்கள் விறைத்து இலை விரிகிறது. இதோடு ஒரு மின்துடிப்பும் வேரிலிருந்து இலைக்குப் போகிறது. காய்ந்த மண்ணில் நின்ற மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் விட்டு இதை அளந்த ஆய்வு 1998-இல் வெளியானது. துடிப்பு இலையை எட்டிய பின் வாயுப் பரிமாற்றம் கூடியது. செடிகளில் மின்துடிப்பு உண்டு என்று ஜகதீஷ் சந்திர போஸ் நூறாண்டுக்கு முன்பே கருவி வைத்துக் காட்டியவர்தான். இதைச் சாக்காக்கி, பயிருக்குக் கரண்ட் கொடுத்தால் மகசூல் பெருகும் என்று யாராவது கருவி விற்க வந்தால் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

விவசாயிக்கு வேண்டியது இலையைப் படிக்கும் பழக்கம். உச்சி வெயிலில் சுருண்ட மக்காச்சோள இலை மாலையில் விரிந்துவிட்டால் பதற வேண்டாம். விடியற்காலையிலும் சுருண்டே கிடந்தால் அன்றே தண்ணீர் வேண்டும். பூட்டை வந்து, கதிரில் பட்டு இழை தெரியும் நாட்களில் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. அப்போது காய்ந்தால் கதிரில் மணி பிடிக்காது. கரிசலில் நீர் தேங்கினாலும் வேர் மூச்சு முட்டிப் பயிர் வாடும். அதை வறட்சி என்று நினைத்து மறுபடி மோட்டார் போட்டால் கதை முடிந்தது. ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். மேல்வேர்ப் பயிரான சின்ன வெங்காயத்துக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

கையால் பார்ப்பதில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கருவியும் உண்டு. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டியில் நீல விளக்கு எரிந்தால் ஈரம் தாராளம். சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்ச வேண்டும். ஒவ்வொருவரும் வாங்கத் தேவையில்லை. வேளாண் விரிவாக்க மையங்களில் சிலவற்றை வைத்து, ஊர் ஊராகச் சுற்றுக்கு விட்டாலே போதும். வரும் மக்காச்சோளப் பட்டத்துக்குள் வேப்பந்தட்டை வட்டாரத்திலேயே இதைத் தொடங்கலாம். பூக்கும் வாரங்களிலாவது பகலில் மும்முனை மின்சாரம் கிடைக்க மின்வாரியமும் வழி செய்ய வேண்டும்.